மலையகத் தோட்டப் பாடசாலையில் ஆய்வும் தொண்டும்: மாணவர் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுக்காகவோ மாணவர் சங்க வேலையாகவோ இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போக நினைக்கும் பல்கலைக்கழகக் குழுக்களுக்கான வழிகாட்டி இது. ஒரே இடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, அதே இடத்தில் தகவலும் திரட்ட நினைப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே படிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

குழுக்கள் பெரும்பாலும் கவிழ்வது வரிசை மாறிப்போவதால். தெரிந்த டீச்சர் ஒருவரைப் பிடித்து நேரே வகுப்பறைக்குள் போய்விடுவார்கள். இரண்டாம் கிழமை அதிபர் கடிதம் கேட்பார். கடிதத்துக்கு வலயக் கல்வி அலுவலகம் போக வேண்டும். வலயம் பதில் போடுவதற்குள் தவணைப் பரீட்சை வந்துவிடும். ஆகவே கீழே உள்ள முதல் ஐந்து படிகளையும் தாண்டிக் குதிக்காதீர்கள். முதற்கடிதத்திலிருந்து முதல் வகுப்பு வரை இரண்டு மூன்று மாதம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

துறைத் தலைவரின் கடிதம், பீடத்தின் ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு, அதில் சிங்களத்தில் கடிதம் எழுதக்கூடிய ஒருவராவது. நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆசிரியர் அறையில் உட்கார இடமிருக்காது, வகுப்புகளும் குழம்பும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கால உறுதி. ஒரு தவணை முழுக்க, கிழமைக்கு ஒரே நாள், பத்துக் கிழமையாவது வர முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். விடுமுறையில் ஒரு வாரம் தொடர்ந்து வந்து போகும் திட்டத்தை அதிபர்கள் மரியாதைக்கு ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை, பிள்ளைகளுக்கும் பழகும்போதே ஆட்கள் போய்விடுவார்கள்.

2. கேள்வியை எழுதுமுன் ஒரு முறை போய்ப் பாருங்கள்

ஆய்வுத் தலைப்பை முடிவாக எழுதிக்கொண்டு பாடசாலை தேடாதீர்கள். முதலில் அந்தப் பாடசாலை எந்த வகை என்று பாருங்கள். வகை 3 என்றால் ஆரம்ப வகுப்புகள், சில இடங்களில் தரம் 8 வரை. வகை 2 தரம் 11 வரை. 1சி பாடசாலையில் உயர்தரக் கலை, வர்த்தகம் இருக்கும். விஞ்ஞானப் பிரிவு 1ஏபியில்தான். சாதாரண தரத்துக்கு முன் இடைவிலகுவோரைப் பற்றிய கேள்வியோடு தரம் 5 வரை உள்ள பாடசாலைக்குப் போனால் பதில் சொல்ல ஆளிருக்காது. பிள்ளை இடைவிலகினானா, வேறு பாடசாலைக்குப் போனானா என்பதே அங்கே தெரியாது.

முதல் தடவை இருவர் மட்டும் போங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். காலைக் கூட்டமும் வரவு எடுப்பதும் முடிந்து, இடைவேளைக்குப் பிறகு அதிபருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பிள்ளைகள் எந்தெந்த டிவிஷனிலிருந்து (தோட்டத்தின் உட்பிரிவு) நடந்து வருகிறார்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, இதற்கு முன் வந்த குழுக்கள் என்ன செய்துவிட்டுப் போயின.

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் நூலக அலுமாரி, ஆங்கிலக் கதைப்புத்தகப் பெட்டி, சுவரில் பாதி தீட்டிய படம் என்று ஏதோ ஒன்றைக் காட்டுவார்கள். உங்கள் திட்டத்தில் எதை வெட்ட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

3. நாட்காட்டியைப் பிடியுங்கள்

தவணைத் திகதிகள் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி நகர்ந்தன. பழைய நாட்காட்டியை நம்பாமல் கல்வி அமைச்சின் அவ்வாண்டுச் சுற்றறிக்கையைப் பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமையில் அந்த வகுப்பைத் தொடவே முடியாது. தவணைப் பரீட்சைக் கிழமைகளும் இல்லவிளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நாட்களும் அப்படியே.

பாடசாலைக்கு வெளியே இன்னொரு நாட்காட்டி ஓடுகிறது. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்தில் இளைஞர்களைப் பேட்டிக்குப் பிடிக்க முடியாது, இரவு முழுக்க விழித்திருப்பார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவும் தீபாவளிக் கிழமையும் அதே கதை. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வார இறுதியில் ஹட்டனுக்குப் போகும் ரயிலிலும் மஸ்கெலியா பஸ்ஸிலும் நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

மழையையும் பக்கம் பார்த்துக் கணக்கிடுங்கள். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை.

4. பாடசாலைக்கான அனுமதி: மேலிருந்து கீழே

பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மாகாண சபைப் பாடசாலைகள். கடிதம் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வலயத்தில் வேலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்தே தொடங்குங்கள்: மத்திய மாகாணத்துக்குக் கண்டி, ஊவாவுக்குப் பதுளை, சப்ரகமுவவுக்கு இரத்தினபுரி. தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு.

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து வலயங்கள். முகவரியில் நுவரெலியா என்று இருப்பதைப் பார்த்து நுவரெலியா வலயத்துக்கே அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வழக்கமான பிழை. பாடசாலை எந்த வலயம், எந்தக் கோட்டம் (வலயத்தின் உட்பிரிவு) என்று அதிபரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தால் மேசைக்கு மேசை நகரும். அதில் யார் யார், அடையாள அட்டை இலக்கம், எந்தத் திகதி முதல் எது வரை, எந்தத் தரம், பிள்ளைகளிடம் என்ன கேட்கப்படும், படம் எடுக்கப்படுமா என்பன வர வேண்டும். வினாக்கொத்தையும் பின்னிணைப்பாக வையுங்கள். இணைக்காத கடிதம் கட்டாயம் ஒரு முறை திரும்பி வரும். தமிழ்மொழிப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரை நேரில் கண்டு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்று பிறகு கேட்க ஒரு ஆள் இருப்பார்.

அனுமதி கிடைத்ததும் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் அதிபருக்கும் பிரதி. அதிபர் அதைக் கோப்பில் போடும்வரை வகுப்புக்குள் போகாதீர்கள். மேற்பார்வைக்கு யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

5. தோட்டத்துக்கான அனுமதி தனி

பாடசாலை அரசாங்கத்தினுடையது, அதற்குப் போகும் பாதையும் லயங்களும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) தோட்ட நிர்வாகத்துக்கு உட்பட்டவை. பாடசாலைக்குள் மட்டும் வேலை என்றால் தோட்டத்துக்கு அறிவித்தால் போதும். வீடுகளுக்குப் போவதென்றால் தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் வேண்டும். அவருக்கு ஆங்கிலக் கடிதம் வசதி. பெரிய கிளாக்கரிடம் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்வி என்று எழுதிவிட்டு உள்ளே போய்ச் சம்பளம் கேட்டால் அடுத்த நாளே கேற்றில் நிறுத்துவார்கள். குடும்ப வருமானமும் கேட்கப்படும் என்றால் அதையும் முதலிலேயே எழுதுங்கள்.

அடுத்தது வெல்பெயார் ஒபிசர். எந்த டிவிஷனில் எத்தனை குடும்பம், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) எங்கே, யார் வீட்டில் நோயாளி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிறகு தொழிற்சங்கத் தலைவர்மார். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருக்கும். ஒருவரை மட்டும் கண்டு பேசிவிட்டு வேலையைத் தொடங்கினால் நீங்கள் அந்தக் கட்சி ஆட்கள் ஆகிவிடுவீர்கள். மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் கதவைச் சாத்தாது, பதிலைச் சுருக்கும். ஒரே நாளில் எல்லாத் தலைவர்மாரையும் பாருங்கள், எல்லோரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். கோயில் திடலில் எல்லோரையும் சேர்த்துப் பேசுவது இன்னும் நல்லது.

6. தொண்டையும் ஆய்வையும் பிரித்து வையுங்கள்

இங்கே சறுக்கினால் பிறகு நிமிர்த்த முடியாது. பின்னேர வகுப்பு நடத்தும் அக்காவே வீட்டுக்கு வந்து வினாக்கொத்தை நீட்டினால் எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். பிள்ளையின் வகுப்பு நின்றுவிடும் என்று பயப்படுவார். அப்படி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை, அந்தப் பதில்களும் உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொன்னவையாக இருக்கும்.

குழுவை இரண்டாக்குங்கள். ஐந்து பேர் படிப்பிக்கட்டும், மூன்று பேர் தகவல் திரட்டட்டும். ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குப் படிப்பிப்பவர் அந்தக் குடும்பத்தைப் பேட்டி காணக் கூடாது. ஆள் குறைவாக இருந்தால் டிவிஷனை மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கான பதிவுத் தாளும் ஆய்வுச் சம்மதத் தாளும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆள் கையால் போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் அடித்து அனுப்பும் குழுக்கள் உண்டு. ஒப்பமிட்டால்தான் வகுப்பு என்றுதான் வீட்டில் விளங்கிக்கொள்வார்கள்.

7. சம்மதம் வாங்கும் முறை

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம், அதற்குப் பிறகு பிள்ளையின் சொந்தச் சம்மதம். தாள் ஒரே பக்கம், எழுத்து பெரிதாக, வசனம் குறுகியதாக. கொடுத்துவிட்டு வராதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். ஒப்பமிட முடியாதவர் கைவிரல் அடையாளம் வைத்தால் பக்கத்தில் ஒரு சாட்சி ஒப்பம் வேண்டும், அந்தச் சாட்சி உங்கள் குழு ஆளாக இருக்கக் கூடாது.

தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் கடையில், பிள்ளை அம்மாயியோடு இருக்கும் வீடுகள் பல. அங்கே யார் பாதுகாவலர் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாடசாலைப் பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு. தாயோடு தொலைபேசியில் பேச முடிந்தால் பேசுங்கள்.

பிள்ளையிடம் கேட்கும்போது டீச்சர் பக்கத்தில் நிற்கக் கூடாது. “வேணாம்னா வகுப்புக்குப் போகலாம், யாரும் ஏச மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பொறுங்கள். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நிற்கும் பிள்ளை சம்மதித்துவிட்டது என்று எழுதாதீர்கள்.

8. படிப்பிப்பது: முதலில் வாசிப்பைப் பாருங்கள்

எந்தப் பாடம் படிப்பிக்கலாம் என்று அதிபரிடம் கேட்டால் பெரும்பாலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்பார். தமிழ்மொழி மூலம் இவற்றுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு உண்டு. தரம் 10, 11க்கு அது சரி. தரம் 3 முதல் 6 வரை என்றால் வாசிப்பைச் சோதிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளை பல சமயம் கணக்கில் தடுக்குவதில்லை, கணக்கின் வசனத்தில் தடுக்குகிறது.

சோதனைக்கு ஐந்து அட்டை போதும். முதலாவதில் பத்து எழுத்து. இரண்டாவதில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் பத்து. மூன்றாவதில் நாலு சிறு வசனம். நாலாவதில் நாற்பது சொல் அளவில் ஒரு பந்தி. ஐந்தாவதில் எண்பது சொல் அளவில் ஒரு கதை, அதன் கீழ் மூன்று கேள்வி. எங்கே நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் நிலை. ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம். முப்பது பிள்ளைக்கு மூன்று மணித்தியாலம். ஆனால் ஒரே நாளில் முடிக்காதீர்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் எடுத்தால் அந்த வகுப்பின் பாடம் போய்விடும்.

பந்தியைப் பாடநூலிலிருந்து எடுக்கவே கூடாது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசித்து மனப்பாடமான பக்கத்தைப் பிள்ளை மளமளவென்று ஒப்புவிக்கும். விரலைப் பாருங்கள், வாய் நாலாவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவதில் நிற்கும்.

பிழைகளை எப்படிக் குறிப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள். பிள்ளை என்று இருப்பதைப் புள்ள என்று வாசித்தால் அது வீட்டுப் பேச்சு, வாசிப்புப் பிழை அல்ல. ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் எழுத்துவேலையில் பார்க்க வேண்டியவை.

உண்மையான முடிச்சு கொம்பும் காலும்தான். கொழுந்து என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வீட்டில் கேட்கும் சொல், தாளில் அச்சடித்துக் கொடுத்தால் “கெ… கா…” என்று தடுக்கி நிற்கும் பிள்ளைகள் தரம் 4இலும் இருப்பார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதால் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். இதற்கு அட்டைதான் மருந்து. க, ம, த, ப போன்ற எழுத்துகளை ஒவ்வோர் அட்டையிலும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் மூன்றையும் தனித்தனி அட்டையிலும் எழுதுங்கள். க அட்டையை மேசையில் வைத்து, கொம்பையும் காலையும் இருபுறமும் ஒரே நேரத்தில் நகர்த்தி ஒட்டவைத்து, “கொ” என்று ஒரே மூச்சில் சொல்லவையுங்கள். பிறகு நடு அட்டையை மட்டும் ம, த, ப என்று மாற்றுங்கள். நாளுக்குப் பத்து நிமிஷம், இரண்டு மூன்று கிழமைக்குப் பலன் தெரியாவிட்டால் பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

சோதனை முடிந்ததும் தரத்தை மறந்துவிட்டு நிலைப்படி பிரியுங்கள்: எழுத்துக் குழு, சொற் குழு, பந்திக் குழு. ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தரம் 5 பிள்ளை எழுத்துக் குழுவில் தரம் 3 பிள்ளைகளோடு உட்காரக் கூசும். அப்படியானவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தால் கூச்சம் கொஞ்சம் குறையும். குழுவுக்கு எழுத்து என்று பெயர் வைக்காமல் நிறத்தின் பெயர் வையுங்கள்.

சாதாரண தர வகுப்புக்குக் கடந்தகால வினாத்தாள் வேலை செய்யும். முப்பது பிள்ளைக்கு எட்டுத் தாள் வீதம் 240 தாள். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டு வினாத்தாளுக்குச் சரி. பத்துக் கிழமைக்கு ஐந்து கட்டு என்று வரவுசெலவில் எழுதுங்கள். பாடசாலையின் போட்டோக் கொப்பி இயந்திரத்தை நம்ப வேண்டாம், மை அவர்களுக்கே போதாது.

தோட்டத்தில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் அவர்களில் ஒருவரை உங்களோடு நிறுத்துங்கள். நீங்கள் போன பிறகு அட்டைகளை யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு வேறு நல்ல பதில் கிடையாது. பத்தனை ஶ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் அந்தப் பாடசாலையில் கட்டுறுபயிற்சியில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தைக் குழப்பிவிடாதபடி நேரசூசியை முதலில் காட்டுங்கள்.

9. லயத்துக்குப் போகும் ஆய்வு

தெருவோர லயங்களில் நாற்பது வீடு முடித்துவிட்டுத் தோட்டம் முழுவதையும் பற்றி எழுதும் ஆய்வுகள் அதிகம். மேல்டிவிஷனிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் நடந்து வரும் பிள்ளையின் வீடு அந்த நாற்பதில் இருக்காது, பாடசாலைக்கு அடிக்கடி வராததும் அந்தப் பிள்ளைதான். டிவிஷன் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் குடும்பத் தொகைக்கு ஏற்ப எண்ணிக்கையைப் பிரியுங்கள். லயத்தில் மூன்றாவது காம்பரா (வீடு), ஆறாவது காம்பரா என்று வரிசையாகப் போங்கள். தனிவீட்டுத் திட்டத்தில் குடியேறியவர்களைத் தனியாகக் குறியுங்கள், லயத்துக் குடும்பங்களோடு கலந்தால் தண்ணீர், மலசலகூடம், படிக்கும் இடம் பற்றிய பதில்களெல்லாம் குழம்பும்.

நேரம்தான் அடுத்த சிக்கல். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது), பிறகு மலையில் கொழுந்து பறிப்பு, மதியம் ஒரு நிறுவை, பின்னேரம் இன்னொரு நிறுவை. தாய் வீடு வரும்போது ஐந்தாகிவிடும். அதன் பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம், போயா நாளும் பரவாயில்லை. பத்தாம் திகதிச் சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறு மட்டும் வேண்டாம், எல்லோரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருப்பார்கள். கொழுந்து பொங்கும் காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்கு (பறித்த அளவுக்குக் கிடைக்கும் கூலி) மலையேறுவார்கள். முதல் நாளே தலைவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வினாக்கொத்து இருபது கேள்விக்குள், இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அடங்கட்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து வீட்டில் முதலில் கேட்டுப் பாருங்கள். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு வட்டத்தொகை வரும். போன மாதம் எத்தனை பேரு (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தது, கைக்காசு எத்தனை நாள், சம்பளத்தில் எதெதற்குப் பிடித்தார்கள் என்று பிரித்துக் கேட்டால் கணக்கு தானாக வரும். சம்பளச் சிட்டையைக் காட்டும்படி கேட்காதீர்கள்.

“ஏன் படிப்பை நிறுத்தினீங்க?” என்ற கேள்வி குற்றச்சாட்டாகக் காதில் விழும், கஷ்டம் என்ற ஒரு சொல்லோடு பதில் முடியும். கடைசியாகப் பாடசாலைக்குப் போன வருஷம் எது, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். தகப்பன் விழுந்து கால் முறிந்தது, அக்காவுக்குக் கல்யாணம், தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று விஷயம் வெளியே வரும்.

லயத்துச் சுவர் மெல்லியது, இங்கே பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். குடி, கடன், வீட்டுச் சண்டை பற்றிய கேள்வி இருந்தால் பேட்டியைக் கோயில் மண்டபத்துக்கோ பாடசாலைக்கோ மாற்றுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிப்பதிவில் எதுவும் கேட்காது, எழுதிக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் சாயத்தண்ணி (பாலில்லாத தேநீர்) வரும். அரைக் கோப்பையாவது குடியுங்கள். வேண்டாம் என்றால் சாதி பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வரலாம், அந்தப் பேச்சு உங்களுக்கு முன்பே அடுத்த லயத்துக்குப் போய்விடும். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்றும், ஓரளவு வயதினரை அண்ணே, அக்கா என்றும் அழையுங்கள். வயதானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைமார் செய்யும் வேலை.

10. பொருள் கொடுப்பது

பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. இல்லாதவை வேறு: கணிதக் கருவிப் பெட்டி, தேசப்படம், ஆய்வுகூட இரசாயனம், அச்சுத் தாள். என்ன வேண்டும் என்று அதிபரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொப்பி கொடுப்பதென்றால் வகுப்பு முழுவதுக்கும் ஒரே அளவில், வகுப்பாசிரியர் கையால். வறிய பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மேடையில் கூப்பிட்டுக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். காசு யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆய்வுக்குப் பதில் சொன்ன குடும்பத்துக்கு மட்டும் எதையாவது கொடுத்தால் ஆறாம் படியில் பிரித்த இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

11. பிள்ளை ஒரு விஷயத்தைச் சொன்னால்

கொஞ்சம் பழகியதும் அடி, குடி, தொந்தரவு பற்றிப் பிள்ளைகள் சொல்வார்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. துருவிக் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களிலேயே அன்றைக்கே எழுதிவையுங்கள்.

அதிபருக்கோ ஆலோசனை ஆசிரியருக்கோ அன்றே சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். சம்பந்தப்பட்டவர் பாடசாலைக்குள்ளேயே இருந்தால் 1929க்கு நேரே அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இந்த நடைமுறையைக் குழு முழுக்க முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

12. மழை, குளவி, கடைசி பஸ்

பின்னேர வகுப்பு மூன்று மணிக்கு முடியட்டும். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கும், தூர டிவிஷன் பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் நடக்க வேண்டும். டிவிஷன் வாரியாகச் சேர்த்து, பெரிய பிள்ளை ஒன்றை முன்னால் விட்டு அனுப்புங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு ஒன்றரைக்கு மேல் பசிக்கும், பிஸ்கட்டாவது இல்லாமல் வகுப்பு வைப்பதில் பயனில்லை.

குளவிக்கொட்டு தோட்டத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து. கூடு எந்த மரத்தில், எந்தப் பாறையில் என்று தோட்டக் காவலரான வொச்சரிடம் கேளுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பல இடத்தில் கொட்டினாலோ மூச்சு முட்டினாலோ 1990 அம்பியூலன்ஸ். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் முன்பே தெரிந்து வையுங்கள்.

தொடர்ந்து மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் விழிப்பு, செம்மஞ்சள் தயார்நிலை, சிவப்பு வெளியேற்றம். மஞ்சள் வந்ததுமே பயணத்தை ஒத்திப்போடுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது காலை வேளையில், பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரத்தை ஒட்டித்தான். நிலத்தில் புது வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல், மரம் சாய்தல் கண்டால் வகுப்பை நிறுத்திவிட்டு அதிபரிடம் சொல்லுங்கள்.

தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை, எழுதப் பென்சில். பேனா மை நனைந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்பு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சாரதியிடமே கேளுங்கள், பயணிகள் சொல்லும் நேரம் நேற்றைய நேரமாக இருக்கலாம்.

13. தரவைச் சேர்த்தல், பெயரை மறைத்தல்

போனில் கோபோ டூல்பாக்ஸ் போன்ற தகவல் திரட்டும் செயலி சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஆனாலும் தாளில் ஒரு பிரதி வையுங்கள். பாடசாலை அலுவலகம் தரும் பட்டியல் பல சமயம் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் உங்கள் கோப்போடு சேருங்கள், இல்லாவிட்டால் தேடலும் வரிசைப்படுத்தலும் வேலை செய்யாது.

பெயருக்குப் பதில் குறியீடு. பெயரும் குறியீடும் உள்ள பட்டியல் வேறு இடத்தில், ஒருவர் பொறுப்பில். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். பாடசாலைப் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்ன கோட்டத்தில், ஆற்றுக்கு மறுகரையில் உள்ள வகை 2 பாடசாலையின் ஒரே கணித ஆசிரியர் என்று எழுதினால் கோட்டத்தில் எல்லோருக்கும் ஆள் தெரியும்.

14. திருப்பிக் கொடுத்தல்

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பாடசாலைக்குக் கொடுங்கள். பிழை இருந்தால் திருத்தக்கூடிய காலம் அதுதான். பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இருபது நிமிஷம் கேளுங்கள். சராசரி, சதவீதம் என்று போகாமல், முப்பதில் பதினொரு பிள்ளை பந்தி வாசிக்கிறது என்பதைப் போலச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளை என்று ஒரு தாய் கேட்பார். அந்த இடத்தில் சொல்லாதீர்கள், வகுப்பாசிரியரோடு தனியாக அவரைச் சந்திக்க நாள் குறியுங்கள்.

வாசிப்பு அட்டைகளும் குழுப் பட்டியலும் வகுப்பாசிரியருக்கு. வினாத்தாள் மூலப்பிரதி அதிபருக்கு. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி, பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாத பொருள் அடுத்த அதிபர் வரும்போது யாருடையது என்று தெரியாமல் அலுமாரிக்குள் போய்விடும். வலயத்துக்கும் தோட்ட முகாமையாளருக்கும் வேலை முடிந்தது என்று ஒரு கடிதம் போடுங்கள், அடுத்த குழுவின் கோப்பு அந்த மேசைக்குத்தான் வரப்போகிறது.